ஓநாய்க்கும் ஒரு குல்லா

"...அத்தனாலதான் சொல்றேன், புஸ்தகத்துல தேதிலாம் தேட வேணாம். அந்தப் பொண்ணு குல்லா எது வரிக்கும் தொங்குதுன்னு பாரு, போதும். காதோட நின்னா ரொம்பப் பழசு. தோளுக்கு எறங்குனா நடுவாந்தரம். முட்டியத் தொட்டா நேத்து வந்தது."

சொன்னவர் குல்லா நைனா. பிரெஞ்சில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல், பிரெஞ்சு தேவதைக் கதைப் புத்தகங்களின் படச் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். உலகம் பெரிது என்பீர்கள். ஆவடிக்கு அந்தப் பக்கம் அது எவ்வளவு பெரிதாக இருந்தால் எனக்கென்ன?

பெயரைக் கேட்டதும், யாருக்கோ குல்லா போட்டு ஏமாற்றியவர் போலிருக்கிறது என்று புதிதாக வருபவர்கள் சைக்கிளைப் பூட்டிக்கொள்வார்கள். பாவம், அவர் பார்த்ததெல்லாம் காட்டில் ஓநாயிடம் மாட்டிக்கொள்ளும் கதைப் பெண்ணின் சிவப்புக் குல்லாவை, அதுவும் படத்தில் மட்டும்தான்.

எண்பதுகளில் நாங்கள் இருவரும் ஆவடியில் ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில் இருந்தோம். அவர் பெயிண்ட் பிரிவு. காலையிலிருந்து சாயங்காலம் வரை பச்சை. கனவில் பெண்டாட்டிகூடப் பச்சையாகத்தான் வருகிறாள் என்று புலம்புவார். புதுச்சேரியில் அவர் மச்சானுக்குப் பழைய பேப்பர் கடை. எடைக்கு வந்த படப் புத்தகங்களை அங்கிருந்து பை பையாகக் கோவில்பதாகை வீட்டுக்குச் சுமந்து வந்தார்.

"மொதல்ல மரக்கட்டையச் செதுக்கி அச்சடிச்சான். ஓநாய் நம்ம சேக்காட்டு தெருநாய் மாரி கீது. அப்பால ஒருத்தன் வந்தான் பாரு, மெல்லிசா கோடு கோடா இழுத்து காட்டையே இருட்டாக்கிட்டான். அப்பதான் ஓநாய் ஓநாயாச்சு. கடசீல கலர் வந்துச்சு, அல்லாருக்கும் கன்னம் செவந்துபோச்சு."

கதையைப் படிக்கத் தெரியாததால் அதையும் அவரே சொல்லிக்கொண்டார். எங்கள் குவார்ட்டர்ஸில் மார்கழி பிறந்தால் கைக்குழந்தை முதல் போர்மேன் வரை மங்கி குல்லாதான். ஆகவே படத்துப் பெண் போட்டிருப்பதும் அதுவேதான். பிரான்சில் வருஷம் பூரா மார்கழி. ஒருநாள் பூந்தமல்லி பஸ்ஸில் மங்கி குல்லா போட்ட ஒருவரை எழுந்து நிற்கச் சொல்லி, இது பழைய மாடல் என்று எனக்குத் தொட்டுக் காட்டி விளக்கினார். விளக்கம் முடிவதற்குள் அந்த ஆளின் சீட் போய்விட்டது.

குடியிருப்பில் பாலர் பள்ளி திறக்கப்போவதாகச் செய்தி வந்ததும், உள்சுவரைக் கேட்டு வாங்கிக்கொண்டார் நைனா. பச்சை இல்லாமல் அவர் வரையப்போகும் முதல் சுவர். லீவு போட்டு வரைந்தார். அதே பெண் வரிசையாக நிற்கிறாள், குல்லா மட்டும் நீண்டுகொண்டே போகிறது. கடைசியில் கோடு கோடாக, கன்னங்கரேலென்று ஆளுயர ஓநாய். ஓரத்தில் ஒரு பூச்செடி வைக்கலாமே என்றேன். சரித்திரத்தில் இல்லாததைப் போடமாட்டாராம்.

திறப்புக்கு முந்தின நாள் பிள்ளைகள் வந்தன. ஓநாயைப் பார்த்தன. அழுத அழுகை ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். டீச்சர் திருநெல்வேலிக்காரர். சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு பிள்ளையும் வாசப்படி ஏற மாட்டேங்கு. ஓநாய மட்டும் அழிச்சிருங்க. இல்லன்னா முழுச் சுவருக்கும் சுண்ணாம்புதான்."

"ஓநாய அழிச்சுட்டா அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு டீச்சர் அங்க நின்னுகினு கீது? பஸ்ஸுக்கா?"

கொஞ்சம் சிரிக்கிற மாதிரி மாற்றிவிடுங்களேன் என்று நான் நடுவில் புகுந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஓநாயே தேவலை. டீச்சர் வெள்ளையடிக்கும் மட்டையை வாளியில் முக்கினார். நைனா சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

அப்போது, எல்லாரையும்விட ஓங்கி அழுதிருந்த ஒரு வாண்டு, அம்மாவின் முந்தானையை விலக்கி எட்டிப் பார்த்தது.

"அக்காவுக்கெல்லாம் குல்லா இருக்கு. அதுக்கு மட்டும் ஏன் இல்ல? அதுக்குக் குளிராதா?"

நைனா திரும்பி ஓநாயைப் பார்த்தார். அப்படி அவர் அதைப் பார்த்ததே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

"காட்டுல நிக்கசொல்ல எந்தப் படத்துலயும் அதுக்கு எவனும் குல்லா போட்டதில்ல பாப்பா."

"ஏன்?"

கட்டைக் காலத்திலிருந்து கலர் காலம் வரை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவர், பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். சிவப்பு டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தார். ஓநாயின் இரண்டு காதும் மூடும்படி ஒரு மங்கி குல்லா வரைந்து, உச்சியில் குஞ்சமும் வைத்து, குழந்தையைத் தூக்கிக் கிட்டே காட்டி, எங்கேயாவது காத்து பூந்துடுமா பாரு என்று கேட்டார்.