வெளக்காத வெள்ளிக்காசு

“லென்ஸே வேண்டாம் செல்வமணி. இது வெளக்குன காசு” என்று மீரான் மைதீன் ராவுத்தர் ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ராவுத்தர்தான் அந்தப் பக்கத்துப் பழங்காசுக்காரர்களுக்கெல்லாம் தலைவர். தேனிக் கண்காட்சியில் எந்தக் காசை வைப்பது என்று முடிவு செய்பவரும் அவரே. கைபடாத பழைய வெள்ளியைச் சாய்த்தால் ஒளி சுற்றி ஓடும், தேய்த்த காசு மொத்தமாகப் பளபளக்கும், எழுத்தோரத்து அழுக்குக்கூட மிஞ்சாது என்று அவர் சொல்லச் சொல்ல, செல்வமணி தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார்.

உத்தமபாளையத்தில் அவருக்கு ஜெராக்ஸ் கடை. ஊரார் ஆதார் அட்டையை நகலெடுத்தே அலுத்துப்போன மனிதர். ஒரு தடவையாவது கண்ணாடிப் பெட்டிக்குள் தன் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசை. காசுகூட அவருடையதில்லை, மனைவி கஸ்தூரியின் தாயார் விட்டுப்போன ஜார்ஜ் ராஜா ரூபாய்.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார்.

“நான் ஏன் அதைத் தொடப் போறேன்?” என்றாள் கஸ்தூரி.

“பொங்கலுக்குக் குத்துவிளக்கு வெளக்குனியே, அதோட சேத்து...”

“எங்கம்மா காசு. வெளக்கியிருந்தா வெளக்குனேன்னு சொல்லிட்டுப் போறேன். உங்களுக்குப் பயந்தா மறைக்கப் போறேன்?”

சமாதானம் பேசுவதாக நினைத்து, “சரி விடு, உனக்கு ஞாபகம் இருக்காது” என்றார்.

மறுநாள் காலையில் அவள் வீரபாண்டிக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போன் செய்தால் தங்கைதான் எடுத்தாள்.

“அக்கா இங்கனயே இருக்கட்டும் மாமா. நீங்க காசோட குடும்பம் நடத்துங்க.”

காசு எப்படியாவது கண்காட்சிக்குள் போய்விட்டால், பக்கத்தில் மாமியார் பெயரையும் எழுதி வைத்துக் கஸ்தூரியை அழைத்து வந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவித்த முட்டையோடு டப்பாவில் மூடி வைத்தால் வெள்ளி பழசாகும் என்று செல்போனில் யாரோ சொன்னார்கள். வைத்தார். தோசைக்கல்லின் அடி மாதிரிக் கறுத்தது. கொஞ்சம் குறைக்கலாம் என்று புளி போட்டுத் தேய்த்தார். கறுப்பு திட்டுத்திட்டாக நின்றது. அதைச் சமன் செய்யப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்தார். ராஜாவின் தாடி பாதி போய், காசு புது எவர்சில்வர் மூடிபோல மின்னியது.

இனி ஒளிப்பதற்குத் தெம்பில்லை. உண்மையைச் சொல்லி வழி கேட்போம் என்று மறுபடி கம்பம் போனார். ராவுத்தர் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஜெய்த்தூன் பீவி டீயைக் கொடுத்து, முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கிறது என்று கேட்டார். அசதியில் செல்வமணி முட்டை முதல் கம்பி நார் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

ஜெய்த்தூன் பீவி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அவுக பேச்சையா நம்புனீக தம்பி? போன வாரம் கண்ணுல புரை எடுத்ததுலேருந்து அவுகளுக்கு எல்லாமே பளபளன்னுதான் தெரியுது. காலையில என்னையவே பாத்து, மூஞ்சியில என்னத்தப் போட்டுத் தேச்சேன்னு கேட்டாக.”