வாளியின் காது

எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். திருகோணமலையில் எங்கள் கரணக் கப்டனைப் போல வானத்தைக் காலுக்குக் கீழே போட்டு மிதித்த மனிதர் வேறு ஒருவரும் இல்லை.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும். வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போய்த் துறைமுகத்தையும் திமிங்கிலத்தையும் மேலிருந்து காட்டுகிற ஒரு சின்னப் பிளேனை ஓட்டினார். பிளேன் ஏறி இறங்கும் இடத்தின் வேலிக்கு வெளியே என் தேத்தண்ணிக் கடை. ஆட்கள் இல்லாத நேரம் தனியே ஏறிப்போய், கடலுக்கு மேலே குத்துக்கரணம் போடுவார். கரையில் மீன் வாங்க வந்தவர்கள் மீனை மறந்து வானத்தைப் பார்ப்பார்கள். பூனைகளுக்கு நல்ல காலம்.

அந்தப் பிளேன் கரணம் போடுவதற்காகச் செய்தது அல்ல. இதை எனக்குச் சொன்னவர் கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வருகிற மெக்கானிக் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். கரணம் போடக் கூடாது என்று ஓட்டுகிறவரின் முகத்துக்கு நேரே ஒரு தகட்டில் எழுதியே இருக்கிறதாம். கப்டன் அதன் மேல் பிள்ளையார் படம் ஒட்டிவிட்டார். பிள்ளையாரை உரிக்க நானாவுக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் தானே இன்னொரு அறிவித்தல் எழுதி ஒட்டினார். மறுநாள் அதன் மேல் முருகன். கதவில் எழுதினார், லட்சுமி வந்துவிட்டாள்.

"பிளேனுக்குள்ள இனி ஐயர் மட்டுந்தான் பாக்கி, அக்கா" என்று நானா என்னிடம் வந்து குறைப்பட்டார்.

ஒருநாள் கப்டன் ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பெண்சாதியை ஏற்றிக்கொண்டும் கரணம் போட்டுவிட்டார். பெண்சாதி சிரித்துக்கொண்டு இறங்கினாள். புருஷன் என் கடை வாங்கிலில் விழுந்து படுத்தவன், பொழுது சாயும்வரை எழும்பவில்லை. அன்று நானா கப்டனின் கையைப் பிடித்து, இனி ஆட்களோடு கரணம் போடுவதில்லை என்று சத்தியம் வாங்கினார். அதைக் கப்டன் கடைசிவரை மீறவில்லை. தனியே போகிறதற்கு மட்டும் சத்தியம் தர மாட்டேன் என்றுவிட்டார்.

அவருடைய நியாயமெல்லாம் தேத்தண்ணிதான். முன்னால் பாதி கிளாஸ் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு பிளேனோடு ஒரு உருளல் உருண்டு வருவாராம், ஒரு சொட்டும் சிந்தாதாம். தேத்தண்ணிக்கே தெரியாதது பிளேனுக்கு எப்படித் தெரியும் என்பார்.

"தேத்தண்ணி சிந்தல்லதான், கப்டன். அதுக்காகச் செட்டைக்கு நோகல்ல எண்டு ஆகுமா?" என்று நானா பிளேனின் இறக்கையைக் காட்டிக் கேட்டார்.

அதற்குப் பதில் சொல்லத்தான் கப்டன் என் கிணற்று வாளியை எடுத்தார். கடை நிறைய ஆட்கள். வாளியில் தண்ணீரை நிரப்பி, கையை நீட்டித் தலைக்கு மேலால் சுழற்றத் தொடங்கினார். வாளி தலைகீழாகப் போகிறது, ஒரு சொட்டும் விழவில்லை. எல்லோரும் கை தட்டினோம். கப்டனுக்கு உசார் வந்து வேகமாகச் சுற்றினார். வாளியின் காது, அதுதான் பிடி, கழன்றது. வாளி போய் வடை வைத்த கண்ணாடிப் பெட்டியில் இறங்கியது. முன்வாங்கிலில் இருந்தவர்கள் உடுப்போடு குளித்தார்கள்.

நானா மட்டும் சிரிக்கவில்லை. கப்டனின் கையில் மிஞ்சியிருந்த காதைத் தொட்டுக் காட்டினார்.

"மேல தலைகீழாப் போகக்குள்ள ஒண்டும் நடக்கல்ல, பாத்தீங்களா? கீழ வந்து திரும்ப ஏறக்குள்ளதான் கழண்டது. பாரம் முழுக்க அப்பதான் காதில விழுது. செட்டையும் அப்பிடித்தான், கப்டன்."

கப்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, உங்கட வாளி பழசு" என்றார்.

மறுநாள் இரும்பு வாளி ஒன்று வாங்கி வந்து தந்தார். காதை இழுத்து இழுத்துக் காட்டினார்.

"பிளேனுக்கும் இப்பிடிப் புதுசு மாத்த ஏலுமோ, தம்பி?" என்று கேட்டேன்.

"நீங்களும் நானாவோட சேர்ந்திட்டீங்களோ?" என்று சிரித்தார். சிரித்தால் அந்த மனிதரோடு கோபிக்க ஏலாது.

கொஞ்சக் காலத்தில், செட்டை உடம்போடு சேருகிற இடத்தில் தகரம் சுருங்கியிருப்பதை நானா கண்டுபிடித்தார். கழற்றிப் பார்க்கும்வரை பிளேனை எடுக்கக் கூடாது என்று மேலிடத்திலும் சொல்லிவிட்டார். கப்டன் இரண்டு மூன்று நாள் என் கடையிலேயே இருந்தார், வானத்தைப் பார்த்தபடி. வெள்ளிக்கிழமை மத்தியானம் நானா ஜும்மாவுக்குப் போன நேரம், குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

"மூடி வையுங்கோ அக்கா, ஒரேயொரு சுற்றுத்தான். வந்து குடிக்கிறன்."

மேலே தலைகீழாகப் போனபோது ஒன்றும் நடக்கவில்லை. கீழே வந்து நிமிரும்போது ஒரு செட்டை மட்டும் தனியே பறந்தது. படகுக்காரர்கள்தான் அவரைத் தூக்கி வந்து மணலில் கிடத்தினார்கள். உயிர் இல்லை.

நானா தொழுத தொப்பியோடு ஓடி வந்தார். பார்த்துவிட்டு வந்து என் கடை வாங்கிலில் இருந்தார். கனநேரம் வாளியையே பார்த்தார்.

"காட்டினன்தானே, அக்கா" என்றார்.

கழன்றது வலப்பக்கச் செட்டையோ இடப்பக்கமோ என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. கதவில் ஒட்டியது லட்சுமியோ சரஸ்வதியோ என்பதும் அப்படித்தான். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். வாளியைப் பற்றி எழுதியதில் மட்டும் பிழை இல்லை. அவர் வாங்கித் தந்த இரும்பு வாளி இன்னும் என் கிணற்றடியில் இருக்கிறது. காது அசையவேயில்லை. என்றாலும் நான் அதில் பாதிக்கு மேல் தண்ணீர் அள்ளுவதில்லை.