முனிரத்தினத்தின் நாடியை எண்ணிய வகையில்

சேரப்பணஞ்சேரி,
14-12-1991, சனிக்கிழமை.

ஆண்டவருக்குள் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சாம்சன் மாமா அவர்களின் சமுகத்துக்கு, மைத்துனன் தாவீது தோத்திரம் சொல்லி வரைவது. இங்கே நானும் வீட்டிலும் குழந்தை ஷெர்லினும் சுகம். சுகம் என்று எழுதாமல் கடிதத்தை ஆரம்பிக்க எனக்குத் தெரியாததால் அப்படி எழுதியிருக்கிறேன், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்காவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. ஆகஸ்ட் மாதம் தாங்கள் வந்தபோது என் தொப்பையைப் பார்த்து வருத்தப்பட்டு, தங்கள் பள்ளிக்கூடத்து சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி எடுத்த இரண்டு தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, நாடியை எண்ணி ஓடுவது எப்படி என்று, அந்தத் தாள்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கம்பெனித் தொழிலாளர்களுக்கு டிசம்பரில் படப்பையிலிருந்து மணிமங்கலம் போய்த் திரும்பும் ஓட்டப் போட்டி வைக்கிறார்கள் என்றதும் நானும் பேர் கொடுத்தேன். இருநூற்று இருபதில் என் வயது நாற்பத்து நான்கைக் கழித்தால் நூற்று எழுபத்தாறு, அதில் பத்துக்கு ஏழு பங்குக்கு மேலே, எட்டுப் பங்குக்குக் கீழே நாடி துடிக்கும்படி ஓட வேண்டும், நின்று பத்து வினாடி எண்ணி ஆறால் பெருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நான் ஸ்டோர் கீப்பர், எண்ணச் சொன்னால் எண்ணுகிறவன். ஒரகடம் ரோட்டில் விடியற்காலையில் ஓடி, நின்று, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தால், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன் என்று ஒவ்வொரு பஸ்ஸும் நின்றது. "ஏர்றியா இல்லியா? எனுக்கு டைம் காட்டிக்கினு நிக்கிறியா?" என்று கண்டக்டர் திட்டினார். சரி, கழுத்தில் எண்ணலாம் என்று இரண்டு விரலைத் தொண்டையில் வைத்தேன். கழுத்தை நெரித்துக்கொண்டு ஒருத்தன் ஓடுகிறான் என்று டீக்கடையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து என்னைப் பிடித்து உட்காரவைத்து, வீட்டில் என்ன சண்டை என்று கேட்டார்கள். ஒரு நாள் நாய் துரத்தியது. நின்று எண்ணினேன், பத்து வினாடிக்கு முப்பத்தொன்று, நூற்று எண்பத்தாறு. தங்கள் தாளின்படி அது என் வயதுக்காரனுக்கு முடியாத எண். நான் செத்துவிட்டேனா என்று வீட்டுக்கு வந்து கேட்டேன், காபி குடியுங்கள் என்றாள் மனைவி.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன் மாமா. எங்கள் வார்ப்படக் கம்பெனியில் உலையில் வேலை செய்கிற முனிரத்தினமும் என்கூட ஓட வந்தான். முப்பத்தொன்பது வயது, ஒல்லி, வெறுங்கால், பீடி கிடையாது. நான் நின்று எண்ணுகிற நேரத்தில் முன்னே போய்த் திரும்பி வந்து, "இன்னாண்ணா, ஓட்றியா, ஸ்டாக் எடுக்கிறியா?" என்று சிரிப்பான். தீபாவளி கழிந்த வாரம் ஏரி மதகின் மேல் உட்கார்ந்திருந்தபோது, உனக்கும் எண்ணிக் காட்டுகிறேன் என்று விளையாட்டாக அவன் கையைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் அவசரமாக இரண்டு. அப்புறம் ஒன்றும் இல்லை. என் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன். அப்படியேதான்.

"இன்னாண்ணா, கடியாரம் நின்னுட்ச்சா?"

"உனக்கு எப்பவாவது மயக்கம் வருமாடா?"

"உலை வாசல்ல நின்னா கண்ணு இருட்டும். யாருக்குதான் இருட்டாது?"

வர மாட்டேன் என்றவனை நான்தான் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் நெஞ்சிலும் முதுகிலும் வெகுநேரம் கேட்டார், படம் எடுக்க அனுப்பினார். சின்ன வயதில் காய்ச்சல் வந்து மூட்டு வீங்கியதா என்றார், ஆமாம் என்றான். அப்போதே இருதயத்தில் வால்வு கெட்டுவிட்டதாம். பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய வேண்டும், ஓடக் கூடாது, உலைப் பக்கம் போகக் கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பர்சனல் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான் மாமா. லேசான வேலையாகப் போடுவார்கள், கேட்டில் உட்காரவைப்பார்கள் என்று நினைத்தேன். உடம்பு சரியாகும்வரை வர வேண்டாம் என்று மறுநாளே அவன் வருகைக் கார்டை எடுத்துவிட்டார்கள்.

அவன் மனைவி அம்சவல்லி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வா என்று வீட்டில் கூப்பிட்டதற்கு வரவில்லை. "ஓடிக்கினு ஆடிக்கினு நல்லா இருந்த மனுசன். நீ கையத் தொட்ட, நோயாளி ஆயிட்டாரு. உன்னை யாரு எண்ணச் சொன்னது? எங்க வூட்ல இனிமே இன்னாத்த எண்றது, சொல்லு!" என்றாள். ஷெர்லின் பள்ளிக்கூடப் பையோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

முனிரத்தினம் ஆபரேஷனுக்கு முடியாது என்று சொல்லிவிட்டான். என்னோடு பேச்சும் இல்லை. எதிரே வந்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போகிறான். கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் எல்லாரும் மடித்த சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுக்கொள்கிறார்கள். வெல்டிங் செக்ஷனில் ஒருத்தன், "அண்ணே, தொடாத, எனக்கு ரெண்டு பொண்ணு கீது" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனான். சிரிப்பு வந்தது, வந்த பிறகு சோறு இறங்கவில்லை. தொடாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியும். ஒரு நாள் உலை வாசலில் விழுந்திருப்பான், அன்றைக்கு நான் ஸ்டோரில் கையுறை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன், யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டில் எது பரவாயில்லை என்று தினமும் யோசிக்கிறேன், விடை மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆகையால் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது: தங்கள் தாள்களை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். நாளைப் போட்டியிலிருந்து என் பேரை எடுத்துவிடப் போகிறேன். இனி என் ஆயுசில் ஓட மாட்டேன், யார் கையையும் பிடிக்க மாட்டேன். கிறிஸ்துமசுக்குத் தாங்கள் இங்கே வர வேண்டாம், வந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். தேவன் தங்கள் குடும்பத்தை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
தாவீது.

பின்குறிப்பு (16-12-1991, திங்கள்): மேலே எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். நேற்று ஆராதனைக்குப் போகிற வழியில் என் நம்பர் துணியைத் திருப்பிக் கொடுக்கப் படப்பையில் இறங்கினேன். ஓடுகிறவர்கள் கூட்டத்தில், தன் மச்சான் பேரில் நம்பர் குத்திக்கொண்டு முனிரத்தினம் நிற்கிறான். நான் கத்துவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். கோவில் பேன்ட்டோடும் தோல் செருப்போடும் பின்னாலேயே ஓடினேன். ஒரு பர்லாங் தாண்டுவதற்குள் பிடித்துவிட்டேன், நான் வேகமாக ஓடியதால் அல்ல.

"வுடுண்ணா. முடிச்சுட்டா நான் நல்லாத்தான் கீறேன்னு கம்பெனில ஒத்துக்குவாங்க. வுடுண்ணா!"

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. இரும்புக் குழம்பு தூக்கின கை, அதை என்னிடமிருந்து உருவிக்கொள்ள அவனால் முடியவில்லை. அது அவனுக்கே புரிந்ததும் ரோட்டோரம் உட்கார்ந்து, "பயமா கீதுண்ணா" என்று அழுதான். எல்லாரும் எங்களைத் தாண்டி ஓடிப் போனார்கள். அப்புறம் மெதுவாக நடந்து திரும்பினோம். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேருகிறான். அம்சவல்லியும் நானும் கூடப் போகிறோம். இரத்தம் நிறைய வேண்டுமாம், தாங்கள் இந்தக் கடிதம் கிடைத்ததும் அவசியம் புறப்பட்டு வரவும்.

நடந்து வரும்போது, "ஆபரேஷன்ல நெஞ்சத் தொறந்தா அது நின்னுடாதா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாதுடா என்றேன். "நீ பக்கத்துல நின்னு எண்ணிக்கினே இருப்பியா?" என்றான். என்னை அந்த அறைக்குள் விட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.