அரைக்கு ஆறு குறி

பிள்ளைகளே, நேற்று நீங்கள் இரண்டு பேரும் கணக்கைக் கைபேசியில் படம் பிடித்து வலைப்பக்கத்தில் ஒட்டிவிட்டு, "இந்தா அப்பா, முடிஞ்சுது" என்று சிரித்தீர்கள். நான் ஏன் எழும்பிப் போனேன் என்று பிறகு கேட்டீர்கள். கோபம். உங்கள் மேல் இல்லை. சரி, கொஞ்சம் உங்கள் மேலும்தான்.

மட்டக்களப்பு வாவியில் உள்ள மீன் அத்தனையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஏசி முடிக்கக்கூடிய மனிதர் ஒருவர் இருந்தார் என்றால் அது, பின்னம் சேர் என்று நாங்கள் கூப்பிட்ட வாத்தியார்தான். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கும் சென்றியில் மறித்துச் சோதித்தவர்களுக்கும்தான் தெரியும். உயர்தரக் கணித வகுப்பு எடுத்தவர். பின்னத்தைச் சாய்கோடு போட்டு ஒரே வரியில் எழுதினால் கொப்பி யன்னலால் பறக்கும். "மேல இருக்கிறது மேல, கீழ இருக்கிறது கீழ. சரிச்சுப் படுக்கவைக்க இதென்ன ஆசுபத்திரியா?"

சண்டைக் காலம். சாதாரண தரத்தோடு படிப்பு நின்ற நான், புளியந்தீவில் தொலைபேசியும் கணினியும் வைத்திருந்த ஒரு கொமினிகேஷன் கடையில் தட்டச்சு வேலை செய்தேன். காலையில் கலியாணக் கார்ட் அடிப்பேன், மத்தியானம் காணாமல்போனவர்களுக்கான மனு அடிப்பேன். அங்கேதான் சேர் வந்து, வலைப்பக்கத்தில் கணக்குப் போட வேண்டும் என்றார்.

"ஸ்கேன் பண்ணிப் படமாப் போடுவம் சேர். அஞ்சு நிமிச வேலை."

"படம் போட நீ என்ன கலியாண வீடா நடத்துறாய்? எழுத்தாப் போடு மனே."

எழுத்தாகப் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. எல்லாவற்றையும் கூரான அடைப்புக்குள் வைத்துக் கணினிக்குச் சொல்ல வேண்டும். பின்னம் தொடங்குகிறது என்று ஒரு குறி. மேல் எண் தொடங்குகிறது, முடிகிறது. கீழ் எண் தொடங்குகிறது, முடிகிறது. பின்னம் முடிகிறது. வெறும் அரைக்கு ஆறு குறி. ஒன்றை மூட மறந்தால் கணக்கு வராது. மஞ்சள் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் கணினி ஏசும். கணினி ஏசி முடிய சேர் தொடங்குவார்.

வர்க்கமூலத்துக்குள் பின்னமும் அந்தப் பின்னத்துக்குள் இன்னொரு வர்க்கமூலமும் வந்த நாளில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் வட்டைக்கே போறன் சேர். வயல் செய்யிறன்."

"போ. அங்கயும் வாய்க்காலைத் திறந்துபோட்டு மூடாம வருவாய்."

இவ்வளவும் ஒரு பிள்ளைக்காக. படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து செங்கலடியில் மாமி வீட்டில் இருந்தாள் வதனி. ஷெல் ஒரு கண்ணை எடுத்துவிட்டது, மற்றது மங்கல். புத்தகத்து எழுத்துத் தெரியாது, விரல் உயர எழுத்தென்றால் வாசிப்பாள். கணக்கை விட்டுவிட்டுக் கலைப்பாடம் எடு என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். சேர் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. "ஷெல் அடிச்சவன் கண்ணத்தான் எடுத்தான். நீங்க மூளையையும் எடுக்கப் பாக்கிறீங்க."

அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஒரேயொரு கணினி. அதில் எழுத்தைப் பெரிதாக்கினால், எழுத்தாக அடித்த கணக்கும் கூடவே பெரிதாகும். இணையம் வேலைசெய்யும் நாளில் பக்கம் அதன் வழியாகப் போகும். மற்ற நாட்களில் சீடியில் ஏறி, சேரின் சைக்கிளில் போகும்.

வதனியின் உயர்தரப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு சுற்றிவளைப்பில் படையினர் சேரைக் கொண்டுபோய்விட்டார்கள். சிவப்புப் பேனையால் திருத்துவதற்காக அவர் என்னிடம் வாங்கிப்போன தாள்கள் பையில் இருந்தன. தாள் முழுக்க அடைப்பும் குறியும்.

நாலாம் நாள் வந்தார். வலது கை வீங்கியிருந்தது.

"என்ன சேர் கேட்டானுகள்?"

"இது என்ன ரகசியம் எண்டான். அரை எண்டன். அரைக்கு ஏன் இவ்வளவு எண்டான். ஆறு குறி, எண்ணிப் பார் எண்டன். எண்ணினான் மனே. ஆறு சரிதான் எண்டான். மறுகா அடிச்சான்."

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன். சிரித்த வாயை மூட முடியாமல் பல்லைக் கடித்தேன். இன்றைக்கும், எண்ணிச் சரி சொன்ன பிறகும் அடித்த அந்த "மறுகா" ஞாபகம் வந்தால் எதையாவது உடைக்க வேண்டும் போல இருக்கும்.

சேர் உட்கார்ந்து பக்கங்களைத் திறக்கச் சொன்னார். அங்கேதான் நான் பிடிபட்டேன். அவர் இனி வரமாட்டார் என்று நினைத்து, கடைசிப் பதினொரு கணக்கையும் படமாகப் போட்டிருந்தேன். இடது கையால் எழுத்தைப் பெரிதாக்கினார். எழுத்தெல்லாம் யானையாக வளர, என் பதினொரு கணக்கும் எறும்பு மாதிரி இருந்த அளவிலேயே இருந்தன.

"அவன் எனக்கு அடிச்சான். நீ ஆருக்கு அடிச்சிருக்காய் எண்டு தெரியுதா?"

நானும் விடவில்லை. "நீங்க உசிரோட வருவீங்க எண்டு ஆர் கண்டது? மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல்ல சேர்."

"அது உன்ட வயிறு. இது அவட கண்."

கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார்.

வதனி பரீட்சையில் சித்தியடைந்ததும், அதி விசேட சித்தி கிடைக்காததற்குச் சேர் என்னையே ஏசியதும் பிறகு நடந்தவை. அன்று பகல் நான் கடையைச் சாத்தினேன். சேரையும் சண்டையையும் அந்த ஆறு குறியையும் உங்களிடம் சொல்ல முடியாத வார்த்தைகளில் ஏசிக்கொண்டே பதினொரு கணக்கையும் எழுத்தாக அடித்தேன். எழுத்தை முடிந்தமட்டும் பெரிதாக்கினேன். கதிரையைப் பின்னுக்கு இழுத்து, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, முதலாம் கணக்கிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.