மகாமாயபுரத்தில் மந்திரம் பலிக்கும் விதம்

மந்திரத்தைக் கண்டுபிடித்தவர்கள் பலர் இருக்கலாம். அதற்கு முறைப்படி விதிகள் வகுத்த பெருமை திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் இயங்கும் எங்கள் வீடியோ கேம் கம்பெனியையே சேரும். நிர்வாக மேலாளர் கோமதிநாயகம் என்ற முறையில் இதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

எங்கள் புதிய கேமில் 'மகாமாயபுரம்' என்றொரு ராஜ்யம். அங்கே மந்திரவாதி கையசைத்தால் மலை நகரும். எப்படி நகரும், எதனால் நகரும் என்று தீர்மானிக்க 'உயர்மட்ட' கூட்டம் கூடியது. தலைமை, டைரக்டர் பத்மகுமார் சார்.

"மந்திரத்துக்கு ஒரு லாஜிக் வேணும், கேட்டோ," என்றார் மலையாள வாடையோடு.

"அருமை சார்," என்றேன். கூட்டங்களில் என் பங்களிப்பு எப்போதும் இப்படிச் சுருக்கமாகவே இருக்கும்.

விதிகளை எழுதும் பொறுப்பு உள்ளூர் ஆரியசாலைப் பெண், புரோகிராமர் பிரேமாவிடம் போனது. ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் அவளுக்கு நிச்சயதார்த்தம். வேலையால் ஏற்கெனவே தள்ளிப்போன நிச்சயதார்த்தம்.

"இனியும் தள்ளிப்போட்டா மாப்பிள்ள வீட்டுல வேற பொண்ணு பாத்துருவாவ சார்," என்றாள்.

"சனிக்கிழமை முடிச்சிட்டு போய்க்கோ," என்றார் சார்.

"அருமை சார்," என்றேன்.

பத்மகுமார் சாரிடம் ஒரு தெய்வீக சக்தி உண்டு. 'ஒரு சின்ன சேஞ்ச்' என்பார். உடனே எதிரே இருப்பவரின் லீவு மறைந்துவிடும். ஓணத்துக்கு ஊருக்குப் புறப்பட்ட ஷிபின் அப்படித்தான் அலுவலகத்திலேயே இலை போட்டுச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை மாலை பிரேமா விதிகளைக் கேமில் ஏற்றி முடித்துப் பையை மாட்டினாள். சார் திரையைப் பார்க்கக்கூட இல்லை.

"பிரேமா, ஒரு சின்ன சேஞ்ச் உண்டு, கேட்டோ."

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து என் வாயில் முழுப் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, கொதிக்கக் கொதிக்க. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கம்பெனி வரலாற்றிலேயே முதல்முறையாக சாரின் வாக்கியம் ஒன்று அனாதையாக நின்றது. நாம் சொன்னது சரிதானா என்று சாரே யோசிப்பது போலிருந்தது.

"அப்ப வாரேன் சார்," என்று பிரேமா படியிறங்கி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நாங்கள் கேமைத் திறந்தோம். மந்திரவாதிக்கு அச்சு அசலாக சாரின் மீசை. 'ஒரு சின்ன சேஞ்ச்' என்று கையசைத்தான். மலை அசையவில்லை. அவன் தோளிலிருந்த வழுக்கைத் தலைக் கிளி 'அருமை சார்' என்றது. அடிவாரத்தில் நின்றவர்கள் முனகிக்கொண்டே மலையைத் தூக்கித் தலையில் வைத்து நடந்தார்கள். திரையின் அடியில் விதி ஓடியது: 'மந்திரத்துக்குச் சொந்தமாகச் சக்தி கிடையாது. கிளி வாய் திறந்தால்தான் பலிக்கும்.'

எனக்குக் காது சுட்டது. பழம்பொரி அதற்குள் இறங்கிவிட்டிருந்தது.

சார் திரையில் கிளியைத் தொட்டுக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கோமதி, இந்தக் கிளி யாரு?"

"அருமையான கேள்வி சார்," என்றேன்.