படுத்துக் குளிக்க ஒரு தொட்டி

இனிமேல் நின்றுகொண்டு குளிப்பதில்லை என்று சிவநேசன் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, தலை நிறைய ஷாம்பு நுரையோடு.

முப்பத்தாறு வருடம் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். ஆறடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு. அங்கே அவர் கையைத் தூக்கினால் மெஷின் நிற்கும். மலேசியாவில், சுங்கை வே என்கிற ஊரில் உள்ள அவர் வீட்டிலோ அவர் உட்கார்ந்தால் போதும், யாராவது எழுப்பிவிடுவார்கள். யாராவது என்ன, மாதவிதான். மகள் கிள்ளானில் குடும்பமாகிவிட்டாள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மாதவி அவர் தோள் உயரம்தான் இருப்பாள். ஆனாலும் அந்த வீட்டில் யார் யாரை அண்ணாந்து பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வேலையை விட்டால் வேலை இருக்காது என்று நம்பி ரிட்டயர் ஆன அப்பாவி அவர். மாதவிக்கு அவர் சும்மா இருப்பது கண்ணில் பட்டால் உடனே ஏதாவது ஞாபகம் வந்துவிடும். கறிவேப்பிலை வாங்கப் பாசார் சந்தைக்கு ஒரு நடை. திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது தேங்காய்க்கு இன்னொரு நடை. ஃபேன் துடைக்க வேண்டும், அதற்கு ஏணி வேண்டும், ஏணியை இரவல் வாங்கிப் போன பக்கத்து வீட்டு வள்ளியம்மாவிடம் போய்க் கேட்க வேண்டும். பத்து வருடமாகத் துடைக்காத அந்த ஃபேன் அவர் ரிட்டயர் ஆகட்டும் என்றே காத்திருந்தது போலும்.

இப்படி அல்லாடிய சிவநேசன் ஒரு நாள் தற்செயலாக ஒன்றைக் கண்டுபிடித்தார். "குளிச்சிட்டு இருக்கேன்." இந்த இரண்டு சொல்லுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. கதவுக்கு வெளியே எப்பேர்ப்பட்ட வேலை வந்து நின்றாலும் சரி, உள்ளேயிருந்து இதைச் சொன்னால் அது தானாகத் திரும்பிப் போய்விடும். குளிக்கிற மனிதனை யாரும் கடைக்கு அனுப்ப முடியாதல்லவா?

ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு ஆயுள் ஏழு நிமிஷம்தான். ஷவருக்கு அடியில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் நிற்பான்? எட்டாவது நிமிஷம் முதுகு வலிக்கும். பத்தாவது நிமிஷம் மாதவி கதவைத் தட்டி, உள்ளே மயக்கம் கியக்கம் போட்டு விழுந்துவிட்டீர்களா என்று கேட்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை நாலாவது நிமிஷத்திலேயே தட்டிவிட்டாள். கேஸ் தீர்ந்துவிட்டதாம். நுரையோடு நின்ற சிவநேசனுக்குக் கண் எரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், யாரும் கூப்பிடாத ஒரே ஒரு மணி நேரம். அதற்குக்கூட இந்த உடம்புக்குக் கொடுத்து வைக்கவில்லையா என்று மனசு கசந்து போனது.

குளித்துவிட்டு வந்து பேப்பரைப் பிரித்தால் உள்ளே ஒரு நோட்டீஸ். குளியலறைச் சாமான் விற்கும் கடையுடையது. வெள்ளைத் தொட்டி ஒன்றில் கழுத்து வரை தண்ணீரில் ஓர் ஆள் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவரை யாரும் பாசாருக்கு அனுப்பப் போவதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பக்கத்தின் மூலை வேறு மடிந்திருந்தது. பேப்பர் போடுகிறவர் மடித்திருப்பார் என்று சிவநேசன் நினைத்துக்கொண்டார். அவருக்கு எல்லாமே பிடிபட்டுவிட்டது. படுத்துக் குளிக்கிறவனுக்கு முதுகு எப்படி வலிக்கும்? ஒரு மணி நேரம் என்ன, ஒன்றரை மணி நேரம்கூடக் கிடக்கலாம்.

நிம்மதி வேண்டும் என்று மனைவியிடம் கேட்க முடியுமா? இப்போது என்ன நிம்மதி கெட்டுப் போயிற்று என்று கேட்பாள். அதனால் ஆரோக்கியம் என்கிற வாசல் வழியாக உள்ளே போகத் திட்டம் போட்டார். புது கேஸ் வந்து மாதவி தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றார்.

"மாதவி, இந்த ஷவர் உடம்புக்கு அவ்வளவு நல்லது இல்லயாம்."

"யாரு உடம்புக்கு?"

"என் உடம்புக்குத்தான். டப்ல வெந்நீர் ஊத்திப் படுத்தா நரம்பெல்லாம் எளகிடுமாம். ரத்த ஓட்டம் சீராவுமாம். ஜப்பான்ல எல்லாரும் அப்பிடித்தான்."

மாதவி தோசையைத் திருப்பினாள். "உடம்பு அழுக்கக் கழுவி, அந்தத் தண்ணியிலயே படுத்துக்கறதா? அது குளிக்கறதா, துணி ஊறப் போடறதா?"

"அதுக்குத்தான் மொதல்ல ஷவர்ல அழுக்கப் போக்கிட்டு, அப்பறம் டப்ல எறங்கணும்."

"டப்ல இருந்து எந்திரிச்சி?"

"மறுபடி ஷவர்ல ஒரு தடவ ஊத்திக்கணும்."

"ஒரு நாளைக்கு மூணு தடவ குளிக்கிற அளவுக்கு நீங்க இங்க அப்பிடி என்னா லா வேலை செய்யறீங்க?"

சிவநேசன் தட்டை நீட்டினார். அதில் ஒரு தோசை விழுந்தது. அதைச் சாப்பிட்டுவிட்டு நேரே கடை வரிசையில் இருக்கும் கிளினிக்குக்கு நடந்தார்.

டாக்டர் சல்மா பொறுமைசாலி. குளியலில் எது உசத்தி என்று கேட்க டோக்கன் எடுத்து உட்கார்ந்த முதல் ஆள் இவர்தான் என்றாலும் சிரிக்காமல் விளக்கினார். சுத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான், இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு ரெண்டு வேளை சுருக்கமாக ஷவர் குளித்தாலே தாராளம், ரொம்ப நேரம் நீரில் ஊறினால் தோல் வறண்டு அரிக்கும் என்றார். முதுகு வலிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் படுத்தால் கொஞ்சம் இதமாக இருக்கும், ஆனால் நீங்கள் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், அதனால் சூடு கூடாது, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் கூடாது, எழும்போது மெதுவாக எழ வேண்டும் என்றும் சொன்னார். இவ்வளவிலும் சிவநேசன் காதில் விழுந்தது இதம் என்கிற ஒரு சொல்தான். எழுதிக் கொடுங்கள் டாக்டர் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டார்.

காகிதத்தில் முதல் வரி அவருக்குச் சாதகம். இரண்டாவது வரி பதினைந்து நிமிஷம். வீடு வருவதற்குள் காகிதத்தை இரண்டு வரிக்கும் நடுவில் நகத்தால் அழுத்தி மடித்துவிட்டார். மேல் பாதியை மட்டும் மாதவியின் முன்னால் நீட்டினார்.

மாதவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். சண்டைக்குத் தயாராக நின்ற சிவநேசனுக்கு ஏமாற்றமாகிவிட்டது.

"டாக்டரே எழுதிட்டாங்களா? அப்பறம் நான் என்னா சொல்றது? உடம்புதான் முக்கியம். வாங்கிடுவோம்."

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் அவர் ஜெயித்த முதல் வழக்கு அது. இவ்வளவு லேசாக ஜெயித்தோமே என்று அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதற்குள் மாதவி இன்னொன்றும் சொன்னாள். கடை கடையாக ஏறி இறங்குவதும், குனிந்து நிமிர்ந்து அளவெடுப்பதும் இந்த முதுகுக்கு ஆகாது, அந்த அலைச்சலெல்லாம் கான்ட்ராக்டர் தம்புசாமியை வைத்துத் தானே பார்த்துக்கொள்வதாக. சிவநேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம் என்று அன்று கூப்பிடுவதற்கு முன்பே கறிவேப்பிலை வாங்கி வந்தார்.

தம்புசாமி இரண்டு சந்து தள்ளி இருப்பவர். வந்து குளியலறையில் தண்ணீர் பிடித்து வைக்கும் பழைய சிமெண்டுத் தொட்டியை உடைத்து அள்ளினார். அடுத்த திங்கட்கிழமை லோரியில் புதுத் தொட்டி வந்து இறங்கியது. வெள்ளை வெளேர் என்று இருந்தது. சிவநேசன் அதன் விளிம்பை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். சாயங்காலம் முதல் குளியல் என்று முகூர்த்தமும் குறித்தார்.

மூன்று மணிக்கு எல்லார் போனிலும் ஒரே செய்தி வந்தது. குழாய் பழுதுபார்ப்பு வேலையாம், மறுநாள் காலையிலிருந்து மூன்று நாளைக்கு வட்டாரம் முழுக்கத் தண்ணீர் கிடையாது. முன்பெல்லாம் தண்ணீர் வெட்டு வந்தால் பழைய சிமெண்டுத் தொட்டி காப்பாற்றும். அதைத்தான் உடைத்தாயிற்றே. மாதவி யோசிக்கவே இல்லை. புதுத் தொட்டியின் அடைப்பானைப் போட்டு, குழாயைத் திறந்து, விளிம்பு வரை நிரப்பி, மேலே ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு மூடினாள். ஒருவரும் இதில் கை வைக்கக் கூடாது, சமையலுக்கும் சாமி அறைக்கும் இதுதான் என்று உத்தரவும் போட்டாள்.

மூன்று நாளும் சிவநேசன் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுத் தன் தொட்டிக்குத் தானே காவல் இருந்தார். வள்ளியம்மா வாளியோடு வந்து, நல்ல வேளை இவ்வளவு பெரிய தொட்டி கட்டினீர்கள், புண்ணியமாகப் போகும் என்று வாழ்த்தி மோந்துகொண்டு போனார். சிவநேசனுக்கு வேளைக்கு ஒன்றரை வாளி அளந்து விடப்பட்டது. அதைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஊற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் தண்ணீர் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரே தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வெதுவெதுப்பாக நிரப்பி, சந்தன சோப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். மாதவி அடுப்பில் பருப்பு ஏற்றிக்கொண்டிருந்தாள். நல்லா ஊறிட்டு வாங்க என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினாள். சிவநேசன் தாழ்ப்பாள் போட்டார். ஒரு காலை வைத்தார். மறு காலை வைத்தார். உட்கார்ந்து, ஆயுசுக்கும் காத்திருந்த பெருமூச்சோடு காலை நீட்டினார்.

கால் நீளவில்லை. பாதம் எதிர்ச் சுவரில் இடித்தது. முழங்காலை மடக்கினார். இரண்டு முழங்காலும் தண்ணீருக்கு மேலே உரித்த தேங்காய் மாதிரி நின்றன. அவற்றை உள்ளே அமுக்கினால் மார்பு வெளியே வந்தது. மார்பை உள்ளே இறக்கினால் கழுத்து மடங்கியது. எதற்காக இத்தனை பாடோ அந்த முதுகுக்கு மட்டும் எந்தக் கோணத்திலும் சாய இடம் கிடைக்கவில்லை. ஒருக்களித்துப் பார்த்தார். ஒருக்களித்த இடத்தில் தோள் சிக்கிக்கொண்டு, விடுவித்துக்கொள்ள ஒரு நிமிஷம் ஆனது. எட்டாவது நிமிஷம் எழுந்துவிட்டார். ஷவரைவிட ஒரு நிமிஷம்தான் லாபம். இப்போது முழங்காலும் சேர்ந்து வலித்தது.

துண்டைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய் தம்புசாமிக்குப் போன் போட்டார்.

"என்னா தம்புசாமி, டப் இப்பிடிக் கட்டையா இருக்கு? கைப்பிள்ளையக் குளிப்பாட்டவா கேட்டேன்?"

"அளவு கரெக்டா லா இருக்கு அண்ணே. அக்கா பாத்து எடுத்தது."

"நான் அதுல காலே நீட்ட முடியல."

"நீங்களா?" தம்புசாமி கொஞ்சம் தயங்கினார். "அண்ணே, நீளமா வேற ஒண்ணும் இருந்துச்சி. அக்காதான் செருப்பக் கழட்டி வச்சிட்டு, ஹேண்ட்பேக்க நெஞ்சு மேல வச்சிக்கிட்டு, கடையில ஒவ்வொண்ணா எறங்கிப் படுத்துப் பாத்தாங்க. இதுலதான் தலையும் காலும் கச்சிதமா நின்னுச்சி. பத்து நிமிஷம் கண்ணு மூடிட்டாங்க. கடைக்காரரே பயந்துட்டாரு."

"டாக்டர் எழுதிக் குடுத்த பொறவா போனீங்க?"

"இல்ல அண்ணே. அதுக்கு ரொம்ப முன்னாடி. நீங்க ரிட்டயர் ஆன மறு வாரமே. அப்பவே வாங்கிடலாம்னு சொன்னேன். அவரா வந்து கேக்கட்டும் தம்பி, அப்பத்தான் வீட்டுல பேச்சு வராதுன்னாங்க. நோட்டீஸ் மட்டும் ஒண்ணு வாங்கி மடிச்சி வச்சிக்கிட்டாங்க."

சிவநேசன் போனை இறக்கினார். மூலை மடிந்த நோட்டீஸ் கண் முன்னால் வந்து போனது. கோபம்தான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. முப்பத்து மூன்று வருடம், காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஆறு வரை அந்த வீடு மாதவிக்கே சொந்தமாக இருந்தது. அவள் ரேடியோ, அவள் காப்பி, அவள் மத்தியானத் தூக்கம். ஒரு நாள் ரிட்டயர் ஆகிறேன் என்று வந்து இவர் நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவள் ஏன் கறிவேப்பிலைக்குத் தனியாகவும் தேங்காய்க்குத் தனியாகவும் அனுப்ப மாட்டாள்? பாவம், அவளும் ஒரு மணி நேரத்தைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். சிவநேசனுக்கு நிஜமாகவே மனசு இளகிவிட்டது. தொட்டியை நீயே வைத்துக்கொள் என்று தன் வாயால் சொல்லி, கொஞ்சம் பெருந்தன்மையாவது மிச்சப்படுத்திக்கொள்ளலாம் என்று உள்ளே போனார்.

அடுப்படியில் மாதவியைக் காணவில்லை. பருப்பு மட்டும் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கிக்கொண்டிருந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. கதவில் டாக்டர் சல்மாவின் காகிதம், மடிப்பு நன்றாக நீவப்பட்டு, டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. பதினைந்து நிமிஷம் என்கிற இடத்தில் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு. அதன் கீழே மாதவியின் கையெழுத்தில், 'இது உங்களுக்கு' என்று இருந்தது. உள்ளேயிருந்து சந்தன சோப்பு வாசனை வந்தது.

சிவநேசன் மெதுவாகக் கதவைத் தட்டினார். "மாதவி, பருப்பு பொங்கி வழியுது. உப்பு போட்டாச்சா இல்லயா? என்னா பண்ணட்டும்?"

தண்ணீர் ஒரு தரம் நிதானமாக அலம்பியது. பிறகு, எந்த அவசரமும் இல்லாத குரலில் பதில் வந்தது.

"குளிச்சிட்டு இருக்கேன்."