லேசுப்பட்ட தொட்டில்

ஐந்து கிலோவுக்கு ஒரு கிராம் கூடினாலும் எந்தத் தொட்டிலையும் வாங்குவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தராசுக்காரர் முடிவெடுத்தார். பல் விளக்கிக்கொண்டே எடுத்த முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அதை அறிவிக்க முடியவில்லை. அறிவித்திருந்தாலும் காரணத்தைச் சொல்லியிருக்க மாட்டார்.

கடைகளில் இருக்கும் எடை மெஷின்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் தராசுக்காரர். தோள்பையில் எப்போதும் ஒரு கொக்கித் தராசு இருக்கும். கையில் அகப்பட்டதையெல்லாம் அதில் மாட்டி நிறுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. மகள் பிறந்த அன்று, குழந்தையைப் படுக்க வைத்த தராசு இருபது கிராம் குறைத்துக் காட்டுகிறது என்று சொல்லி நர்ஸிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டவர்.

மகளுக்கு இப்போது ஏழு மாதம். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பவும் வேலைக்குப் போன மூன்றாவது வாரமே, புது மெஷின் ஒன்றைக் கையாளப் பயிற்சி என்று ஆறு நாள் வெளியூர் போகச் சொல்லிவிட்டார்கள். ரயிலில் நாலு மணி நேரம். குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியாது. கூட்டிக்கொண்டு வரலாம், விடுதியில் தனி அறை போட்டுக்கொள்ளலாம் என்று அலுவலகத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

"நீங்களும் வாங்களேன்" என்று அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"லீவு கிடைக்காது" என்றார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

அவள் மறுபடி கேட்கவில்லை. அப்போதே அவர் கொஞ்சம் உஷாராகியிருக்க வேண்டும்.

முதலாளியிடம் அவர் லீவு கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. ஏழு மாதமாகத் தராசுக்காரர் தூங்கவில்லை. போன வாரம் ஒரு மளிகைக் கடையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோதே தராசுத் தட்டில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிப் போனார். "மூணு கிலோ எழுநூறு, சார்" என்று சொல்லித்தான் கடைக்காரர் எழுப்பினார். இப்போது தானாக ஆறு நாள் வருகிறது. அழுகை இல்லாத ஆறு நாள். அதை நினைத்தாலே கொட்டாவி கூட இனித்தது.

மனைவியும் அதே ஏழு மாதமாகத் தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்ததால்தான் அந்த நினைப்பைக் கிட்டே வரவிடாமல், தொட்டிலையே நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் குழந்தை, மறு கையில் தொட்டில் என்று அவள் தனியாகவே ரயிலேறி இறங்கும்படி ஒரு மடக்குத் தொட்டில் கிடைத்துவிட்டால் போதும். தொட்டிலும் லேசு, அவர் மனசும் லேசு.

முதலில் வாங்கியது கூடாரம் மாதிரி ஒன்று. இரண்டு கிலோ கூட இல்லை. தராசின் முள் அதை மதித்து அசையவே யோசித்தது. விரித்துக் குழந்தையை உள்ளே விட்டார்கள். குழந்தை ஒரு புரள் புரண்டது. கூடாரமும் சேர்ந்து புரண்டது. இன்னொரு புரள். இப்படியே அம்மாவும் பெண்ணும் சிரித்துக்கொண்டிருக்க, தொட்டில் கூடத்தைக் கடந்து சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய் நின்றது. மனைவி குறை எதுவும் சொல்லவில்லை. நல்ல தொட்டில்தான், காலையில் எந்த அறையில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான் என்றாள். அவரே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்தது இரும்புக் குழாய் வைத்தது. யானை வந்து படுத்தாலும் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னார். ஒன்பது கிலோ இருநூறு. அவர் தீர்மானத்துக்கு அது ஒத்துவராதுதான். ஆனாலும் அடியில் இருந்த நாலு சக்கரத்தையும் பூட்டுகளையும் கழற்றிவிட்டால் எவ்வளவு குறையும் என்று பார்க்க வீட்டுக்கு எடுத்து வந்தார். எல்லாவற்றையும் கழற்றியும் எட்டு கிலோவுக்குக் கீழே இறங்கவில்லை. மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டில் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்காருவதற்கு வசதியாக இருக்கிறது என்றாள். அதுவும் திரும்பிப் போனது.

மூன்றாவது கடையில்தான் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அலுமினியச் சட்டம், நாலு பக்கமும் வலை, கைப்பிடி வைத்த பை. பட்டியலில் நாலரை கிலோ என்று போட்டிருந்தார்கள். கொக்கித் தராசில் மாட்டினால் நாலு கிலோ நானூற்றெண்பது. போட்டதற்கும் குறைவாக ஒரு பொருள் இருப்பதை அவர் தன் தொழிலில் அதுவரை கண்டதில்லை. கண் கலங்கிவிட்டது. கடைப் பையன்கள் வந்து என்ன சார் என்று கேட்கும்படி ஆயிற்று.

வீட்டில் அதை விரித்தார். குழந்தை உள்ளே உட்கார்ந்து வலையைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் வேடிக்கை பார்த்தது. புரண்டால் தொட்டில் அசையவில்லை. மனைவி ஒரே கையால் பையைத் தூக்கி, வாசல் வரை நடந்து காட்டினாள். இதுதான் சரி என்று அவளே சொன்னாள். தராசுக்காரர் மனசுக்குள் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டார்.

"மடிக்கிறது எப்படின்னு காட்டுங்க" என்றாள் மனைவி.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அடித்தளத்தின் நடுவில் இருக்கும் பட்டையைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பக்கக் கம்பியையும் சற்றுத் தூக்கி, அடியில் இருக்கும் பித்தானை அமுக்கினால் மடங்கிவிடும். அவர் செய்து காட்டினார். பத்து எண்ணுவதற்குள் தொட்டில் குடை மாதிரி ஒடுங்கிப் பைக்குள் போய்விட்டது.

அவள் செய்தபோது மூன்று பக்கம் மடங்கியது, நாலாவது விறைத்துக்கொண்டு நின்றது. நாலாவதை மடக்கினால் முதலாவது எழுந்துகொண்டது. இரண்டாம் நாள் அவள் சட்டைக் கை உள்ளே மாட்டிக்கொண்டு, அவளையும் சேர்த்து மடிக்கப் பார்த்தது. மூன்றாம் நாள் அவர் படம் வரைந்து கொடுத்தார். கம்பிகளில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சீட்டு ஒட்டினார். அவள் சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தாள். எண்ணிக்கை சரியாக வந்தது, தொட்டில்தான் வரவில்லை.

ஆயிரம் குழாய்கள் ஓடும் ரத்தப் பரிசோதனை மெஷினைத் தினமும் பிரித்துக் கழுவித் திரும்பச் சேர்க்கிறவளுக்கு இது ஏன் வரவில்லை என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. கேட்டும்விட்டார்.

"அது மெஷின், புத்தகத்துல போட்டிருக்கறபடி செஞ்சாப் போதும்" என்றாள். "இதுக்கு உங்களை மாதிரி கைப்பக்குவம் வேணுமே."

சந்தேகம் அந்த இடத்திலேயே செத்துப் போனது. கைப்பக்குவம் என்ற சொல்லை அவர் அன்று முழுவதும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

ஆனால் விஷயம் முடியவில்லை. போகும் நாள் நெருங்க நெருங்க அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது. கடைசி நாள் அறையைக் காலி செய்யும்போது தொட்டில் மடங்காவிட்டால் விரித்தபடியே தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் ரயிலடிக்குப் போக வேண்டும் என்றாள். தொட்டிலே வேண்டாம், குழந்தையைப் பக்கத்தில் கட்டிலில் போட்டுக்கொள்ளேன் என்று அவர் யோசனை சொன்னார். போன மாதம் கட்டிலிலிருந்து குழந்தை உருண்டு விழுந்ததே, அப்போது யார் பக்கத்தில் இருந்தது என்று அவள் மெதுவாகக் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர் அவர்தான். அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். கீழே கிடந்த மெத்தையில் விழுந்ததால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போய், தொட்டில் மடிக்கிற வேலைக்காக ஆறு நாள் லீவு வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தாராளமாகப் போய்விட்டு வா, நீ கேட்டு நான் எப்போது இல்லை என்றேன் என்றார். மறுத்துவிடுவார் என்று கடைசி நிமிஷம் வரை நம்பியிருந்த தராசுக்காரர் வாசலுக்கு வந்து ஒரு கொட்டாவி விட்டார், அது இனிக்கவில்லை.

ரயில் நிலையத்தில் பையைத் தூக்கியபோது தோள் இறங்கியது. கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தார். பதினொரு கிலோ. மடித்த தொட்டிலுக்குள் டயப்பர் கட்டு, பால் புட்டிகள், போர்வை, வெந்நீர்க் குடுவை எல்லாம் இருந்தன. எப்படியும் நீங்கதானே தூக்கப் போறீங்க என்று சும்மா இடம் இருந்த இடத்தில் வைத்தேன் என்றாள்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. அறை இரண்டாவது மாடி. லிப்டு பழுது. மூச்சு வாங்க மேலே வந்த தராசுக்காரர், விடுதிக்காரர் கதவைத் திறந்ததும் பையை இறக்காமலே நின்றுவிட்டார்.

ஜன்னல் ஓரமாக ஒரு மரத்தொட்டில் இருந்தது. மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, மேலே கொசுவலை கூடக் கட்டியிருந்தார்கள்.

இது யாருக்கு என்று கேட்டார்.

"உங்க குழந்தைக்குத்தான், சார். அம்மா போன மாசம் ரூம் போடும்போதே சொல்லிட்டாங்களே. பெரியவங்க ரெண்டு பேர், குழந்தை ஒண்ணு, தொட்டில் ஒண்ணுன்னு" என்று சொல்லிவிட்டு விடுதிக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன மாதம். முதல் தொட்டிலை அவர் கண்ணால் பார்ப்பதற்கும் முன்னால்.

மனைவி குழந்தையை இடுப்பில் வைத்தபடியே அவர் தோளிலிருந்து பையை வாங்கினாள். டயப்பர் எடுக்க வேண்டும் என்று மடக்குத் தொட்டிலை விரித்தாள். உள்ளே இருந்ததையெல்லாம் கட்டிலில் அடுக்கினாள். பிறகு ஒரே கையால் நடுப்பட்டையை இழுத்தாள். டக், டக், டக், டக். ஐந்து எண்ணுவதற்குள் அது மடங்கிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவர் பத்து எண்ணும் நேரம் எடுத்துக்கொண்ட வேலை.

தராசுக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அப்போ இத்தனை நாளா என்னை ஏன் தொட்டில் தொட்டிலா அலையவிட்டே?"

அவள் குழந்தையை மரத்தொட்டிலில் விட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். "நான் கூப்பிட்டப்போ கிடைக்காத லீவு, தொட்டிலுக்குக் கிடைச்சுதே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏழு மாசத்துல முதல் தடவையா வெளியூர் வரேன். தனியா வரப் பயமா இருந்துதுங்க" என்றாள்.

அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே அவருக்கு இருந்த அதே கருவளையம், அதே அளவில். நீ கொஞ்ச நேரம் படு, குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சொன்னபோது மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

அவள் இரண்டாவது தடவை சொல்ல வைக்கவில்லை. பால் புட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மரத்தொட்டிலில் குழந்தை கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, அப்பாவைப் பார்த்துக் கைகளை நீட்டியது.

"ஆறு மணிக்கு எழுப்புங்க" என்றாள்.

இரண்டு மணி நேரம்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே அவர் குழந்தையைத் தூக்கினார். "சாயங்காலம் வெளியில போகணுமா?" என்று கேட்டார்.

"சாயங்காலம் ஆறு இல்லீங்க, காலையில ஆறு."